மின்கிட்டாரும் லயத்துச் சுவரும்

நமது சஞ்சிகைகளில் இசை பற்றி வெளிவரும் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை பாட்டின் சொற்களைப் பற்றியவையாகவே இருக்கும். கவிஞர் என்ன எழுதினார், உவமை எங்கிருந்து வந்தது, கருத்து முற்போக்கானதா பிற்போக்கானதா என்பதோடு விமர்சனம் முடிந்துவிடும். பாட்டில் ஒலித்த வாத்தியம் எது, அதைச் செய்தவர் யார், அது அந்த இடத்தில் ஏன் ஒலித்தது என்று கேட்பவர் குறைவு. இலக்கியக்காரரின் காது சொல்லுக்குப் பழகிய காது. அதில் குற்றமில்லை. ஆனால் 1960 களுக்குப் பிந்திய இலங்கைப் பாட்டைச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மதிப்பிட முடியாது. அந்தப் பாட்டில் முதலில் மாறியது ஒலி. அந்த ஒலியைக் கொண்டுவந்தது மின்கிட்டார்.

பொப் இசை பற்றி நம் வட்டங்களில் வழங்கும் அபிப்பிராயங்கள் இரண்டுதான். அது அமெரிக்க நுகர்வுப் பண்பாட்டின் கழிவு, இளைஞரைக் கெடுக்க வந்தது என்பது ஒன்று. அது கல்யாண வீட்டுக் குதூகலம், அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது மற்றது. முன்னது கோபம், பின்னது அலட்சியம். இரண்டுமே வாத்தியத்தைக் கேளாமல் சொல்லப்பட்டவை. அமெரிக்கப் பண்டம் என்று கோபப்படுகிறவர், அந்தப் பண்டத்தை அமெரிக்காவில் யார், எந்தத் தேவைக்காகச் செய்தார்கள் என்று ஒருமுறை பார்த்தால் அவருடைய கோபம் வேறு திசைக்குத் திரும்பும் என்று நினைக்கிறேன். நான் எழுதுவது மொனராகலையிலிருந்து. மலைத் தோட்டங்கள் முடிந்து வறண்ட காடு தொடங்கும் இந்த விளிம்பிலிருந்து பார்க்கும்போது அந்த வரலாறு கொஞ்சம் வேறுவிதமாகத் தெரிகிறது.

கிட்டாருக்கு ஒரு பிறவிக் குறை இருந்தது. அதன் குரல் மெல்லியது. வீட்டு முற்றத்தில் நாலு பேருக்குப் போதும். 1920 களின் அமெரிக்க நடன மண்டபங்களில், டிரம்பட்டும் சக்ஸபோனும் டிரம்ஸும் முழங்கிய இடத்தில், கிட்டார்காரர் வாசித்தாரா சும்மா இருந்தாரா என்பதே தெரியாது. அவர் தாளத்துக்குக் கம்பிகளை மீட்டிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருப்பார். தனியாக ஒரு மெட்டை எடுத்துப் பாடும் உரிமை ஊதுகுழல்காரர்களுக்கே இருந்தது. பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். உள்ளே உலோகக் கூம்புகளை வைத்துப் பார்த்தார்கள். ஓரளவு பலன் கிடைத்தது. போதவில்லை.

தீர்வு வானொலியின் பக்கத்திலிருந்து வந்தது. 1930 களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸில் ஜோர்ஜ் போஷாம்ப் என்ற கிட்டார்காரரும் அடோல்ப் ரிக்கன்பக்கர் என்ற உலோகத் தொழிலாளரும் சேர்ந்து ஒரு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். வட்டமான சிறிய உடலும் நீண்ட கழுத்துமாக அது பொரிக்கும் தாச்சியைப் போல இருந்தபடியால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்தது. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டொன்றை நழுவவிட்டு வாசிக்கும் ஹவாயன் வகைக் கிட்டார் அது. அதன் தத்துவம் எளிமையானது. காந்தம் ஒன்று, அதனருகே மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான தடவை சுற்றிய சுருள் ஒன்று. மேலே உள்ள உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அம்ப்ளிபயர் அதைப் பெருக்குகிறது, ஸ்பீக்கர் அதைத் திரும்பவும் ஒலியாக்குகிறது. இந்தச் சுருளைத்தான் பிக்கப் என்கிறார்கள். 1934 இல் கேட்கப்பட்ட காப்புரிமை 1937 இல்தான் கிடைத்தது. இது உண்மையிலேயே வேலை செய்யுமா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டதாகவும், வாத்தியக்காரர்களை அனுப்பி அவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டியிருந்ததாகவும் சொல்லப்படுகிறது.

இந்தச் சிறு பொறியினால் விளைந்தது பெரிய மாற்றம். கிட்டாரின் ஒலி மரப்பெட்டியின் வயிற்றில் பிறந்த காலம் முடிந்தது. பெட்டி தேவையற்றதாகியது. உள்ளீடற்ற உடல் ஸ்பீக்கரின் ஒலியைத் தானே வாங்கி அதிர்ந்து ஊளையிட்டதால் அது தொந்தரவாகவும் ஆயிற்று. லெஸ் போல் என்ற கலைஞர் 1940 களின் தொடக்கத்தில் நாலங்குல மரக்கட்டை ஒன்றில் கம்பியும் பிக்கப்பும் பொருத்தி, பார்ப்பதற்குக் கிட்டார் போலத் தோன்றட்டும் என்று இருபுறமும் அறுத்த கிட்டாரின் பாதிகளை ஒட்டி வாசித்தார். ஒலி கட்டையிலிருந்து வந்தது. இருபுறத்து உடம்பும் கண்ணுக்காக மட்டுமே இருந்தது.

கிப்சன் நிறுவனம் 1936 இல் ஈஎஸ்-150 என்ற மின்கிட்டாரை வெளியிட்டது. அம்ப்ளிபயரும் சேர்த்து 150 டொலர் என்பதால் அந்தப் பெயர். அதை வாசித்த சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் 1939 இல் பெனி குட்மனின் குழுவில் சேர்ந்தபோது, பின்வரிசைக் கிட்டார் முதன்முறையாக முன்வரிசைக்கு வந்து ஊதுகுழலோடு சமமாகப் பேசியது. அவர் 1942 இல், 25 வயதில், காசநோயால் இறந்துபோனார். கிடைத்தது மூன்று வருடம் கூட இல்லை.

இனி நான் சொல்லப்போவது எங்கள் மலைக்கு மிக அருகில் வருகிற கதை. மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அண்மையில் ஸ்டோவல் என்ற பருத்தித் தோட்டம் இருந்தது. அங்கே வேலை செய்தவர் மக்கின்லி மோர்கன்பீல்ட். உலகம் அவரை மடி வோட்டர்ஸ் என்று அறியும். 1941 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப் பாடல் சேகரிக்கப் போன அலன் லோமாக்ஸ் குழுவினர் அவருடைய குடிசையில் வைத்து அவரைப் பதிவு செய்தார்கள். அப்போது அவர் கையில் இருந்தது சாதாரணக் கிட்டார். 1943 இல் அவர் தோட்டத்தை விட்டு ரயிலேறிச் சிக்காகோ போனார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் மதுச்சாலைகளில் பாட்டு. அங்கே தோட்டத்துக் கிட்டார் யாருக்கும் கேட்கவில்லை. மின்கிட்டாருக்கு மாறினார். 1948 இல் வெளியான அவருடைய இசைத்தட்டில் கேட்பது அதே தோட்டத்துப் பாட்டுத்தான், அதே துயரம்தான். ஆனால் குரல் நிமிர்ந்திருக்கிறது. ரொக் இசையின் ஒரு பெரிய வேர் இங்கே இருக்கிறது. லண்டன் பையன்கள் சிலர் தங்கள் குழுவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயரிட்டதே அவருடைய பாட்டொன்றிலிருந்துதான்.

தோட்டத்துக் கடையில் கடன், விளைச்சலில் கழிவு, ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கையில் எதுவுமில்லை என்ற அந்த வாழ்க்கையை நாம் விளக்கவேண்டியதில்லை. நமது பெரிய கங்காணிமாரின் துண்டு முறையை அறிந்தவருக்கு அது விளங்கும். அமெரிக்கப் பண்டம் என்று நாம் முகம் சுளிக்கும் அந்த ஒலி, பெருந்தோட்டத் தொழிலாளி ஒருவர் தன் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகக் கையிலெடுத்த ஒலி.

கருவியைச் செய்த பக்கத்தையும் பார்க்கவேண்டும். லியோ பெண்டர் கலிபோர்னியாவின் புலர்ட்டன் நகரில் 1938 முதல் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கடைக்குப் பழுதுபார்க்க வந்த வாத்தியக்காரர்களின் முறைப்பாடுகளைக் கேட்டுக் கேட்டே அவர் கற்றுக்கொண்டார். 1950 இல் அவர் வெளியிட்ட கிட்டார் வெறும் பலகை. கழுத்தை நாலு ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தார். பரம்பரைக் கிட்டார் தச்சர்கள் துடுப்பு என்று கேலி செய்தார்கள். ஆனால் ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்ற றேடியோக்காரனின் புத்தி அதில் இருந்தது. பெயர்த் தகராறு ஒன்றுக்குப் பின் 1951 இல் அது டெலிகாஸ்டர் ஆனது. அதே ஆண்டில் பேஸ் கிட்டாரும், 1954 இல் ஸ்ட்ராடோகாஸ்டரும் வந்தன. விளிம்பு விலாவில் குத்துகிறது என்ற முறைப்பாட்டுக்கு விடையாகவே ஸ்ட்ராடோகாஸ்டரின் உடல் வளைத்துச் செதுக்கப்பட்டது. கிப்சன் 1952 இல் லெஸ் போலின் பெயரிலேயே ஒரு கிட்டாரை வெளியிட்டது. அதன் பொறியியலாளர் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின் இரைச்சலை ஒழித்த பிக்கப் 1957 இல் சந்தைக்கு வந்தது. மெல்லிய கூர்மையான குரல் வேண்டுவோர் பெண்டருக்கும், தடித்த இனிய குரல் வேண்டுவோர் கிப்சனுக்கும் போனார்கள். இன்றுவரை இந்த இரு கட்சிகளே. இதற்குப் பின் வந்த வடிவங்களை எண்ணிக்கொண்டிருப்பது பட்டியலாகத்தான் முடியும்.

வீர வரலாறுகளில் அதிகம் பேசப்படாத ஒருவர் அபிகேல் இபாரா. மெக்சிக்க வம்சாவளிப் பெண். 1956 இல் பெண்டர் தொழிற்சாலையில் சேர்ந்து, தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியை விரலால் வழிநடத்திக் காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றினார். கம்பி இறுகினால் அறுந்துவிடும், தளர்ந்தால் ஒலி கெடும். இயந்திரம் சுழலும், ஆனால் இழுவை விரலில்தான். அவரோடு வேலை செய்த பெண்கள் பலர். ஹென்ட்ரிக்ஸும் மற்றவர்களும் உலகைக் கலக்கிய ஒலி இப்படியான விரல்களின் வழியாக வந்தது. அவர் பெயரெழுத்து இட்ட பிக்கப்புகளைச் சேகரிப்போர் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் விரல்களை அன்றாடம் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது, தேயிலைப் பெட்டியின் மேல் லிப்டனின் பெயர் மட்டுமே இருந்தது நினைவுக்கு வராமல் போகாது.

இந்தக் கருவி இங்கே எப்படி வந்தது? அமெரிக்காவிலிருந்து நேரே வரவில்லை. பிரித்தானியா 1951 முதல் 1959 வரை அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்தது. தடை நீங்கிய 1959 இல் ஷாடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் கைக்கு ஸ்ட்ராடோகாஸ்டர் ஒன்று போய்ச் சேர்ந்தது. 1960 இல் வந்த அவர்களுடைய 'அபாச்சே' என்ற மெட்டில் பாடகரே இல்லை, கிட்டாரே பாடியது. ஆசியா முழுதும் பையன்கள் கிட்டார் தேடியதற்கு ஷாடோஸும் அமெரிக்காவின் வென்ச்சர்ஸும் முக்கிய காரணம். நமக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தது இலங்கை வானொலியின் வர்த்தக சேவை.

அந்த ஒலியைச் சிங்களப் பாட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் என்று கருதப்படுபவர் கிளாரன்ஸ் விஜேவர்த்தன. அவர் 1943 இல் பிறந்த ஊர் எங்கள் ஊவாவின் ஹப்புத்தளை. 1960 களின் நடுப்பகுதியில் அனஸ்லி மாலேவனவோடு சேர்ந்து மூன்ஸ்டோன்ஸ் குழுவை நடத்தினார். ஒலிபரப்பாளர் விஜய கொரயா அவர்களை வானொலியில் அறிமுகப்படுத்தி வளர்த்தார். பின்னர் கோல்டன் சைம்ஸ், சுப்பர் கோல்டன் சைம்ஸ் என்று தொடர்ந்த அவர் 1996 இல் காலமானார். 'மங்கோ நெந்தா' போன்ற பாட்டுகளைக் கேட்கும்போது ஷாடோஸின் தெளிந்த, கூரான கிட்டார் சாயல் எனக்குக் கேட்கிறது. ஆனால் மெட்டு கிராமத்து மெட்டு. கிட்டார் குரலோடு போட்டியிடாது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு வரி பேசிவிட்டு ஒதுங்கும். இந்த அடக்கம் மேற்கிலிருந்து வந்ததல்ல. அது அவருடைய ரசனை. மேற்கத்தியப் போலி என்று சிங்கள விமர்சகர்களிலும் சிலர் அவரை ஒதுக்கினார்கள். அவர்களும் வாத்தியத்தின் பெயரைக் கேட்டார்களே தவிர வாசிப்பைக் கேட்கவில்லை.

என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி இங்கேதான் இருக்கிறது. ஹப்புத்தளையின் அதே மலையில், அதே ஆண்டுகளில், லயங்களில் இருந்த தமிழ் இளைஞன் கையில் ஏன் மின்கிட்டார் இல்லை? மலையக மக்களுக்கு நவீன இசை ரசனை வளரவில்லை என்று ஒரு பதில் சொல்லப்படுகிறது. படித்தவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அது அநியாயமான பதில். காமன்கூத்து நடக்கும் இரவில் தப்பை நெருப்பில் காய்ச்சி, தோலை முறுக்கி, அது எந்தச் சுருதியில் நிற்கவேண்டும் என்று விரலால் தட்டிப் பார்க்கும் மனிதரைக் கண்டவர் அப்படிச் சொல்லமாட்டார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை தோட்டத்துக் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆட்களைத் திரட்டினார் என்பதும் வரலாறு.

பதில் சுவரில் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் மின்சாரம் இருந்தது. பல தோட்டங்களில் ஓடையை மறித்துச் சுழலி வைத்து உருளைகளை ஓட்டினார்கள். துரையின் பங்களாவில் விளக்கு எரிந்தது. லயத்தில் குப்பி விளக்கு. லயக் காம்பராக்களுக்கு மின்சாரம் பரவலாக வந்தது 1990 களுக்குப் பிறகுதான். மின்கிட்டார் என்ற வாத்தியத்துக்குச் சுவரில் ஒரு துளை வேண்டும். அந்தத் துளை தொழிற்சாலைச் சுவரோடு நின்றுவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. மடி வோட்டர்ஸுக்கு ஒரு சிக்காகோ இருந்தது. நமது தோட்டத்து இளைஞனுக்கு 1964 ஒக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று இரண்டு தலைவர்கள் ஆட்களைப் பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கதை பத்து வருடம் தள்ளிப் போடப்பட்டது. மூன்ஸ்டோன்ஸ் வானொலிக்கு வந்த அந்தக் காலத்தில் பக்கத்து லயத்தில் பாஸ்போட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறுகிறவன் கிட்டாரா கொண்டுபோவான்? இதைச் சொல்லி நான் கிளாரன்ஸின் சாதனையைக் குறைக்கவில்லை. ஒரே மலையில் மின்சாரமும் குடியுரிமையும் எவ்விதம் பங்கிடப்பட்டன என்று தெரியாமல் அந்த மலையின் இசையை மதிப்பிட முடியாது என்கிறேன்.

தமிழில் பொப் வேறு வழியாக வந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை பைலாவின் தாளத்தில், கிட்டாரோடு வந்தவை. சுராங்கனி 1977 இல் இளையராஜா வழியாகத் தமிழ்த் திரைக்கும் போயிற்று. 1970 களில் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியிருந்தபடியால் நல்ல மின்கிட்டார் ஒன்று கொழும்பிலேயே அபூர்வம். இருந்த ஒன்றைக் குழுக்கள் மாறி மாறிப் பாவித்த காலம். அந்தப் பாட்டுகளில் ஒலி மெலிந்திருப்பதைக் கலைஞரின் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மொனராகலையில் 1980 களின் தொடக்கத்தில் ஒரு கானிவேல் நடந்தது. வெளியூர் பாண்ட் ஒன்று வந்திருந்தது. பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. பாடகர் நிறுத்தவில்லை, டோலக்கிக்காரரும் நிறுத்தவில்லை, சனம் கைதட்டித் தாளம் போட்டது. கிட்டார்காரர் மட்டும் கம்பிகளை மீட்டியபடியே நின்றார். மூன்றடி தள்ளி நின்ற எனக்கு ஈ பறப்பது போல ஒரு சத்தம் கேட்டது. மின்கிட்டாரின் உண்மையான குரல் அவ்வளவுதான். மீதியெல்லாம் கம்பி வழியே வருவது.

கிட்டார் நம் பண்பாட்டுக்கு அந்நியம் என்று நமது வாசகரில் சிலர் சொல்லக்கூடும். நரம்பு வாத்தியம் ஆகுமா ஆகாதா என்பது ஆலிம்களின் விடயம், நான் அதற்குள் போகவில்லை. பண்பாடு என்ற பேச்சுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உம்மு குல்தூமின் கெசட் இல்லாத முஸ்லிம் ரசிகர் வீடு முன்பு குறைவு. 1964 இல் முஹம்மத் அப்துல் வஹாப் இசையமைத்து அவர் பாடிய 'இன்த உம்ரீ'யில் மின்கிட்டார் ஒலித்தது. பழைமைவாதிகள் திகைத்தார்கள், கெய்ரோ கொண்டாடியது. பின்னர் அவர் குழுவில் வாசித்த உமர் குர்ஷித் கிட்டாரை அறபு மகாமின் வளைவுகளுக்குப் பழக்கினார். வங்கத்தின் மகாகவி காஸி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஸி அனிருத்தா ஹவாயன் கிட்டாரில் தேர்ந்தவர், தகப்பனின் பாடல்களை அதில் வாசித்தவர். மாலியின் அலி பர்கா தூரே நைஜர் நதிக்கரை மெட்டுகளை மின்கிட்டாரில் வாசித்தபோது, கேட்டவர்களுக்கு மிசிசிப்பி நினைவு வந்தது. தன் ஊரிலிருந்து அடிமைக் கப்பலில் போனதுதான் அங்கே ஒலிக்கிறது என்பது அவருடைய நிலைப்பாடு.

அமெரிக்க நிறுவனங்களின் பிற்காலம் வியாபாரக் கதை. 1965 இல் பெண்டரை சீபீஎஸ் 130 இலட்சம் டொலருக்கு வாங்கியது. தரம் சரிந்தது. ஜப்பானியர் அதைவிட நல்ல நகல்களைச் செய்தார்கள். 1977 இல் கிப்சன் தரப்பு வழக்கும் போட்டது. 1985 இல் பெண்டர் மீண்டும் தனி நிறுவனமானது. கிப்சன் 2018 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி மீண்டது. பெண்டரின் மலிவுப் பெயரான ஸ்குவயர் கிட்டார்கள் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன. சுருள் சுற்றும் விரல்கள் இடம் மாறியிருக்கின்றன.

இப்போது லயத்திலும் கரண்ட் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுக் குழு வருகிறது. ஆனால் மேடையின் நடுவில் இருப்பது ஓர்கன். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் கிட்டார் ஒலியும் வருகிறது, தப்பின் ஒலியும் வருகிறது. உண்மையான கிட்டாரோடு ஒரு பையன் வந்தால் அவனை ஓரத்தில் நிறுத்தி அவனுடைய வொலியூமைக் குறைத்துவிடுகிறார்கள். அவன் என்ன வாசிக்கிறான் என்று கேட்கவேண்டுமானால் மேடைக்குப் பின்பக்கமாகப் போய், அவனுடைய அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்.